சபை உண்டாக்கிய இருட்டு

ஓய்வுபெற்ற கோப்ரல் ஒஸ்வால்டுக்கு மாலைக்கண். பட்டாளத்தில் இருந்தபோது பக்கத்தில் குண்டு வெடித்து வந்த வினை. பொழுது பட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. இராக் காவலாளி வேலையும் அதனால்தான் போயிற்று. கொட்டாஞ்சேனை அறைக்கு வாடகை கட்ட அங்கவீனக் கொடுப்பனவு ஒன்றே மிச்சம். மாலைக்கண்ணுக்கு ஆதாரம் போதாது என்று அதையும் நிறுத்தினார்கள். மனுசன் மேன்முறையீடு செய்தார்.

மாண்புமிகு மேன்முறையீட்டுச் சபை காலை பத்து மணிக்குக் கூடியது. மூன்று பேர். அறை நிறைய வெயில்.

"இது எத்தனை விரல்?" என்றார் தலைவர்.

"மூண்டு, சேர். பகலில வடிவாத் தெரியும். இருட்டிலதான்..."

"இரவில சபை கூட ஏலாது. ஓவர்டைம் வெட்டியாச்சு." தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "யோகராஜ், இருட்டாக்குங்கோ!"

எழுதுவினைஞர் யோகராஜ் திரைகளை இழுத்து, லைட்டை அணைத்து, வெளியே போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஃபைல்களை அடைத்தார். உரிய முறைப்படி இரவு பிரகடனமாயிற்று.

"சாதாரண பார்வை உள்ளவரோட ஒப்பிட வேணும்" என்று தலைவர் நடக்கத் தொடங்கினார். மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். முதலில் ஒரு கதிரை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தலைவர், அவருக்கு மேல் மற்றவர்கள், பதவி வரிசைப்படி. ஒஸ்வால்ட் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

விழுந்த மூவருக்கும் கட்டுப் போட்டு முடிந்ததும் யோகராஜ் ஒரு கடதாசியோடு வந்தார்.

"அங்கிள், கடமையில விழுந்தபடியால சேர்மாருக்கு ஏதும் கொடுப்பனவு எடுக்கலாம். கண்ணால கண்ட சாட்சி வேணும். நான் வெளியில நிண்டனான்."

"நான் ஒண்டும் காணேல்லையே, தம்பி!"

"சும்மா ஒரு சைன்தானே. உங்கட ஃபைலும் அவையின்ர மேசையிலதான் கிடக்கு."

வெளியே காத்திருந்து, சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்த மனைவி மேபல் முழங்கையால் இடித்தாள். "வைச்சு விடுங்கோ. பெரிய ஆக்களோட என்ன வழக்கு?"

வாடகையை நினைத்துப் பயந்து ஒஸ்வால்ட் ஒப்பமிட்டார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மேபல் வாசித்தாள்:

"முழு இருட்டில் மூன்று அதிகாரிகள் விழுந்ததைத் தம் கண்ணால் கண்டதாக முறையீட்டாளர் ஒப்பமிட்டு உறுதிப்படுத்தியுள்ளார். எனவே அவருக்கு மாலைக்கண் இல்லை. மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது."

ஒஸ்வால்ட் கேட்டார்: "வேறென்ன எழுதியிருக்கு?"

மேபல் தலை நிமிரவில்லை. "இருட்டில கண் தெரியாம விழுந்தபடியால அவை மூண்டு பேருக்கும் அங்கவீனக் கொடுப்பனவு கிடைச்சிட்டுதாம். உங்கட சாட்சிக்கு நன்றி சொல்லியிருக்கினம்."