சீரில் வந்த மட்டை

கோடை லீவு தொடங்கிய அன்றே ஒரு முடிவெடுத்தேன். என் மச்சினன் சீரில் வைத்த கோல்ஃப் மட்டையை அறுத்துக் குட்டையாக்குவது. இந்த வீட்டில் நான் தனியாக எடுத்த முடிவுகளில் இதுதான் பெரியது. இதற்கு முன் எடுத்தது, மோட்டார் ரூம் கதவுக்கு என்ன கலர் பெயின்ட் என்பது. அதுவும் அடிப்பதற்குள் மாறிவிட்டது.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் பெயர் அடைக்கலம், அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். மனைவி சொர்ணவல்லி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்கள் ஜாக்கெட்டுக்கு ஆவுடையார்கோவிலிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருவார்கள். அவள் அளவெடுத்தால் தப்பாது. நேர்மையும் அப்படித்தான். தைத்த பிறகு ஒரு விரல்கடைத் துணி மிஞ்சினாலும் மடித்து அதற்குரிய ஆளிடம் கொடுத்துவிடுவாள்.

அவள் தம்பி நிலவழகனுக்குத் துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் வேலை. எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லீவில் வந்தவன், தாய்வீட்டுச் சீரைத் தாம்பாளம் தாம்பாளமாக வரிசை வைத்தான். தேங்காய், பழம், கல்கண்டு, பட்டுச்சேலை, குத்துவிளக்கு. கடைசித் தாம்பாளத்தின் மேல் குறுக்காக, சந்தனம் குங்குமம் வைத்து, இந்த மட்டை. கூடவே ஒரு பை நிறையப் பழைய பந்து. ஊருக்குத் திரும்பிய யாரோ ஒரு வெள்ளைக்காரர் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். மச்சான் விளையாட்டு வாத்தியார் என்பதால் கொண்டுவந்தேன் என்றான். தூரமாக அடிக்கிற இந்த வகை மட்டைக்கு டிரைவர் என்று பெயர். தம்பி துபாயிலிருந்து டிரைவர் கொண்டுவந்திருக்கிறான் என்று சொர்ணவல்லி தெருவில் சொல்லப்போக, எதிர்வீட்டுக்காரர் வந்து, அப்படியானால் காரை எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் வற்றிய எங்கள் கண்மாய்தான் எனக்கு மைதானம். அந்த வெள்ளைக்காரர் கரண்டுக் கம்பம் உயரம் இருந்திருப்பார் போலிருக்கிறது. நான் பள்ளிக்கூட வரிசையில் நின்றால் ஒன்பதாம் வகுப்போடு கலந்துவிடுகிற ஆள். சொர்ணவல்லி எனக்கும் தோள் உயரந்தான். மட்டையை ஓங்கி வீசினால் பந்துக்கு ஒரு முழம் முன்னாலேயே மண்ணைக் கொத்தியது. ஆடு மேய்க்கும் அய்யாக்கண்ணு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பள்ளம் தோண்டுவதானால் மம்பட்டி இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

இந்த நிலையில் நிலவழகன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். பந்து எவ்வளவு தூரம் போகிறது என்றான். எதிர்க்கரையைத் தாண்டுகிறது மாப்ள என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் வேறென்ன சொல்ல முடியும்? அவன் சந்தோஷப்பட்டு, லீவு முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், உண்மையிலேயே தாண்டினால் துபாய் போனதும் முழு செட் மட்டையும் அனுப்புகிறேன் என்றான்.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

"தாண்டலைன்னா?" என்றாள் சொர்ணவல்லி.

"தாண்டலைன்னா மட்டைய நீயே வச்சுக்க. துணி காயப்போடுற கொடிக்கு முட்டுக் குடு."

"சரிங்க. தம்பி, நீயும் கேட்டுக்க."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவளுக்கு அந்த மட்டை மேல் ஒரு கண் இருந்தது உண்மைதான். எந்நேரமும் குனிந்து தைத்துத் தைத்து அவளுக்குத் தோள்பட்டை இறுகிக் கிடந்தது. கையை நன்றாக வீசிச் சுழற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு நாள் வாசலில் மட்டையை எடுத்து, கீழே கிடந்த தென்னங்குரும்பையை ஒரு வீசு வீசினாள். குரும்பை எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. "அது என்ன வெளக்கமாறா, வை அங்கிட்டு" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். அவள் பேசாமல் போனால் நான் பயப்பட வேண்டும். அன்றைக்கு மறந்துவிட்டேன்.

மட்டையை அறுக்கப் போகிறேன் என்றதும் முதலில் மறுத்தாள்.

"பொறந்த வீட்டுச் சீர அறுப்பாகளா யாராச்சும்?"

சீரில் வந்தது பெண்டாட்டி சொத்து. அவள் ஒப்பாமல் நான் அதில் ரம்பம் வைக்க முடியாது. எனவே பாடம் நடத்தினேன். மட்டையின் நீளம் ஆளைப் பொறுத்தது. நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டிலிருந்து தரை வரை என்ன அளவோ, அதற்கு ஏற்றபடி மட்டை. அறுப்பது கைப்பிடிப் பக்கம், தலைப் பக்கம் அல்ல. எல்லாம் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"அப்ப ஆளு குட்டைன்னா மட்டையும் குட்டையா?"

"ஆமா."

"ஆம்பளை பொம்பளைங்கிற கணக்கு இல்லையா?"

"இல்ல. உயரந்தான் கணக்கு."

இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்ட பிள்ளை எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்த்ததில்லை. மறுநாள் தானாகவே சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. அளவு அவள்தான் எடுப்பாள்.

"நீங்க எடுத்தா கோணலாப் போயிரும்."

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. ஊரே அளவு கொடுக்கக் காத்திருக்கிற கை, எனக்காக இஞ்ச் டேப்பை எடுக்கிறது.

வாசலில் என்னை நிறுத்தினாள். நேராக நிற்கச் சொன்னாள். குனிந்தால் அளவு மாறிவிடும், எதிரே இருக்கிற தென்னையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் என்றாள். தென்னையைப் பார்த்தேன். டேப் என் மணிக்கட்டைத் தொட்டது, செருப்பைத் தொட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் என்னைத் தொடவில்லை. பக்கத்தில் டேப் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது மட்டையில் சாக்பீஸ் கோடு இருந்தது.

"கொஞ்சம் கீழ இறங்குன மாதிரி இல்ல?"

"தைக்கிறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இந்தப் பதிலில் வாயடைக்காத வாடிக்கையாளர் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. நானும் பிளேடைத் தேடப் போனேன்.

கைப்பிடி ரப்பரைப் பிளேடால் கிழித்து உரித்தேன். சிம்பு தெறிக்காமல் இருக்க, கோட்டைச் சுற்றி டேப் ஒட்டினேன். மட்டையின் தண்டு கார்பன் ஃபைபர் என்கிற கரிநாரில் செய்தது. அறுக்கும்போது பறக்கிற தூள் மூக்கில் ஏறக் கூடாது என்பதால் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டேன். இரும்பறுக்கும் ரம்பம். சொர்ணவல்லி மறுமுனையை அசையாமல் பிடித்திருந்தாள். துண்டு கீழே விழுந்ததும், துடைத்துப் பத்திரமாக எடுத்துவைத்தாள். தண்டு குறைந்ததில் மட்டையின் தலை லேசாகிவிட்டது போலிருந்தது. தூண்டில் ஈயத்தைத் தட்டித் தகடாக்கித் தலையில் ஒட்டினேன். ஷட்டில் பேட்டுக்குச் சுற்றுகிற நாடாவைப் பசை போட்டுக் கைப்பிடியில் சுற்றினேன். எல்லாம் என் கைவேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

வீசிப் பார்க்கக் கையை நீட்டினேன். தடுத்துவிட்டாள்.

"பசை காய வேணாமா? ஞாயித்துக்கெழமை வரைக்கும் தொடாதீங்க."

பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வாரம் முழுக்க விடியற்காலையில் கண்மாய்ப் பக்கம் நடக்கப் போனாள். தோளுக்கு நல்லது என்றாள். கையில் பழைய சேலைத்துணி சுற்றிய ஒரு கம்பு. நாய் துரத்தினால் வேண்டுமே என்றாள். நல்ல முன்ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிலவழகன் வந்தான். மூவரும் கண்மாய்க்குப் போனோம். அய்யாக்கண்ணு ஆடுகளைத் தள்ளி ஓட்டிவிட்டு உட்கார இடம் பார்த்தார். நான் பந்தை வைத்து, மட்டையைப் பிடித்தேன். மட்டை தரையைத் தொடவில்லை. முழங்காலை மடக்கினேன். தொடவில்லை. கல்வி அதிகாரி முன் நிற்பதுபோல இடுப்பை வளைத்த பிறகுதான் பந்து எட்டியது. அப்படியே வீசினேன். பந்தின் உச்சந்தலையில் பட்டு, அது உருண்டுபோய் ஒரு ஆட்டுக்குட்டியின் காலடியில் நின்றது. குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. இரண்டாம் முறை உயிரைக் கொடுத்து வீசினேன். பந்து அசையவில்லை. இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

"மட்டை ரொம்பக் குட்டையா இருக்கே மச்சான்" என்றான் நிலவழகன்.

குனிந்த வாக்கிலேயே, தரையைப் பார்த்துச் சொன்னேன். "ஒங்கக்கா எடுத்த அளவு மாப்ள. தப்பிப்போச்சு."

சொர்ணவல்லிக்கு அதுதான் பொறுக்கவில்லை. கடைப் பெயர் கெடுகிற பேச்சு அல்லவா. வந்து என் கையிலிருந்து மட்டையை வாங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். பந்துக்கு முன் நிமிர்ந்து நின்றாள். மட்டை தரையில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. ஒரே வீச்சு. குனிந்திருந்த எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பந்து எதிர்க்கரைக் கருவேலமரங்களுக்கு மேலே போய் மறைந்ததை நிலவழகன் வாய் பிளந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"அக்கா தெனம் அடிக்கிறதுதானே சார்" என்றார் அய்யாக்கண்ணு. "இன்னைக்குக் கொஞ்சம் தூரம் கொறச்சல்."

முழு செட்டையும் அக்காவுக்கே அனுப்புவதாக நிலவழகன் அங்கேயே வாக்குக் கொடுத்தான். இதே நீளத்துக்குப் பார்த்து அனுப்பச் சொன்னாள் அவள். பிறகு என் பக்கம் வந்து, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, வளைந்து நின்ற என் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். நான் அறுத்துப்போட்ட துண்டு.

"அளவு தப்பலைங்க, என் அளவுதான் அது. மிச்சம் விழுந்தது ஒங்களுது, வச்சுக்கங்க."