டம்ளரில் பால் தெரியவில்லை

“டீச்சர், போட்டோவுல டம்ளர் தெரியுது, பால் தெரியல. கல்வி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார் போனில் தலைமை ஆசிரியர் உலகநாதன். வாரத்தில் நாலு நாள் அவருக்கு ஏதாவது கூட்டம் இருக்கும். அன்றும் இருந்தது.

நாலாம் வகுப்பு டீச்சர் புவனேஸ்வரி அப்போதுதான் கரும்பலகையில் ‘வகுத்தல்’ என்று எழுதியிருந்தாள். ஜூனிலிருந்து அந்தத் தலைப்பை எட்டு தடவை எழுதியாகிவிட்டது, அதன் கீழே ஒரு கணக்குகூடப் போட்டபாடில்லை. இன்று போட்டே தீருவது என்று பாகூர் பஸ்ஸில் நின்றபடியே முடிவு செய்திருந்தாள்.

“காலையில குடுத்த பாலைப் புள்ளைங்க அப்பவே குடிச்சிட்டாங்க சார்.”

“குடிச்சதுக்கு ஆதாரம் இன்னா? பத்தரைக்குள்ள படம் போவணும்.”

குழந்தைகளின் வயிற்றையா படம் பிடிப்பது? கேட்டிருப்பாள். சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கிய கால்கள் அவளுடையவை. போன வாரம் டாக்டர் ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்குங்க” என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை.

சாக்பீஸை நசுக்கித் தண்ணீரில் கலக்கினாள். “யாரும் வாயில வெக்கக் கூடாது” என்று சொல்லி டம்ளர்களில் ஊற்றிப் படம் எடுத்து அனுப்பினாள்.

பத்தே நிமிடத்தில் போன் அடித்தது.

“டீச்சர், பால் தண்ணியா இருக்குதாம். மூணு பக்கம் விளக்கம் கேக்கறாங்க. புள்ளைங்க வயிறு நல்லா இருக்குதுன்னு பெத்தவங்ககிட்ட கையெழுத்து வேற வாங்கணுமாம்.”

பெற்றவர்களுக்குப் போன் போட்டாள். பால், வயிறு, கையெழுத்து என்ற மூன்று வார்த்தையும் சேர்ந்து ஊருக்குள் போனால் என்ன ஆகும்? பள்ளியில் விஷப்பால் என்று ஆனது.

இதற்கிடையில் வாட்ஸப் குழுவில் இன்னொரு உத்தரவு வந்து விழுந்தது. ‘ஆசிரியர்கள் ஏன் களைப்படைகிறார்கள்? அறுபத்து நான்கு கேள்விகள். பாடம் நடத்தும் படத்துடன் இன்றே அனுப்பவும்.’

புவனேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் காட்டுவதென்றே தெரியாத கோபம்.

கரும்புக் காட்டிலிருந்து அப்படியே ஓடி வந்தாள் காசம்மாள். மகள் தேவி பூரணாங்குப்பத்திலிருந்து போன மாதம்தான் நாலாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். காசம்மாள் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. பயம் போனதும் காசம்மாளுக்கு ஆத்திரம் வந்தது.

“எங்க அந்த நாலாங்கிளாஸ் டீச்சரு? ஒரு மாசமாச்சு, எம்பொண்ணு நோட்டுல ஒரு கணக்கு இல்ல. சம்பளம் வாங்கிக்கினு வூட்லயே தூங்குதா?”

தூக்கம் என்ற வார்த்தையில் புவனேஸ்வரிக்குப் பொறுமை அறுந்தது.

“நாந்தாம்மா டீச்சர். தினம் எட்டரைக்கு வரேன். பால் ஊத்தறேன், முட்டை எண்றேன், கக்கூஸ் கழுவியாச்சான்னு பாக்கறேன், எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பறேன். தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா? வேணும்னா உம்பொண்ணையே கேளு.”

காசம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். “இவங்கதானாடி ஒன் டீச்சரு?”

தேவி, புவனேஸ்வரியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“இல்லம்மா, இவங்க போட்டோ எடுக்கறவங்க. எங்க டீச்சர் இன்னும் வரல.”