அத்தானின் படம் ரிக்‌ஷாவில் போன சனிக்கிழமை

உயிரோடு இருந்த ஒரு மனிதரை ஒரே பகலில் பினாங்கு முழுக்கச் சாகடித்தவன் நான். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. தேர்தல் பிரசாரம் செய்தேன், அவ்வளவுதான். செத்தவர் என் அத்தான். அதுவும் அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனசார நினைத்துச் செய்த காரியம்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகக் கிடங்கு ஒன்றில் எழுத்து வேலை. ஆங்கிலப் பள்ளியில் ஆறு வருஷம் படித்திருந்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இன்று அந்தப் பயலைத் தெருவில் பார்த்தால் கூப்பிட்டு வைத்து இரண்டு அறை விடுவேன்.)

அத்தான் சுந்தரமூர்த்தி, என் அக்கா செல்லம்மாவின் கணவர், கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சனிக்கிழமை மத்தியானம் ஃபெர்ரியில் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவார். அக்காவும் நானும் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அக்கா புருஷனுக்குச் சோறு போட்ட நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது.

அந்த வருஷம் எங்கள் தமிழர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. தலைவராக வருபவர் டவுனிலேயே தங்கிச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தையும் நடத்த வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு, குடியிருக்க இடமும் உண்டு. அத்தான் நின்றார். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, எப்படியாவது அவரை இந்தக் கரைக்குக் கொண்டு வந்துடுடா. ஃபெர்ரி வர்ற ஜெட்டியில நின்னு நின்னு எனக்குக் கால் ஓஞ்சு போச்சு."

எதிர்த்து நின்றவர் கனகசபை, துணிக்கடை முதலாளி. அவர் பினாங்கில் பேசினால் அக்கரையில் பிறை வரைக்கும் கேட்கும். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எங்கய்யா அந்த சுந்தரமூர்த்தி? யாராச்சும் கண்ணால பார்த்தீங்களா?" ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எங்கள் ஓட்டு கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கிடங்கில் பீங்கான் சாமான்களைச் சுற்றி வந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகை என் கையில் சிக்கியது. அந்த நாட்டு ஜனாதிபதி தேர்தலில் வேட்பாளர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கவிழ்க்கிறார்கள் என்று விலாவாரியாக எழுதியிருந்தது. எதிரியின் பெயரை எடுக்கவே கூடாது. நம் ஆள் எதையெல்லாம் செய்யமாட்டார் என்று மட்டும் சொன்னால் போதும், ஜனங்களுக்கு எதிரியின் ஞாபகம் தானாக வரும். ஓட்டு என்று வாயைத் திறந்து கேட்கக் கூடாது. நம் ஆளின் முகம் தெருத்தெருவாகப் போக வேண்டும். ஆகா, கனகசபை தொலைந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தானுக்கு இருந்தது ஒரே ஒரு படம், கல்யாணத்தில் எடுத்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அக்கா பக்கத்தில் நிற்பாள். ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்து அக்காவை வெட்டிவிட்டு அத்தானை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கச் சொன்னேன். படம் எடுத்தபோது அத்தான் கண்ணை மூடிவிட்டாராம். ஸ்டூடியோக்காரர் தூரிகையால் கண்ணைத் திறந்துவைத்திருந்தார். அந்தக் கண்கள் எங்கே நின்றாலும் நம்மையே பார்த்தன. அக்காவை வெட்டியதில் அவளுடைய நான்கு விரல்கள் மட்டும் அத்தானின் தோளைப் பிடித்தபடி தங்கிவிட்டன. கை இல்லை, உடம்பு இல்லை, விரல்கள் மட்டும். எனக்கே பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சட்டம் மாட்டி, சாமந்தி மாலை போட்டு, கண்ணாடிமேல் சந்தனப்பொட்டு வைத்து, கீழே ஒரு கட்டு ஊதுபத்தியும் கொளுத்தினேன். (வாசனைக்கு ஜனம் திரும்பிப் பார்க்கும் அல்லவா? அறிவாளி.)

துண்டு நோட்டீஸும் என் கைவண்ணம்தான். "இவர் சத்தம் போடமாட்டார். யாரையும் ஏசமாட்டார். யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். கோபம் இவரை இனி அண்டாது. என்றும் நம் நெஞ்சில் இருப்பார். நாளை காலை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வந்து சேருங்கள்." அச்சகத்துக்காரர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மனசு கஷ்டமா இருக்கு தம்பி," என்றார். என் எழுத்து அவரை அப்படி உருக்கிவிட்டது என்று பூரித்துப் போனேன்.

தேர்தலுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, நடுப்பகலில் கிளம்பினோம். மேளக்காரர்களைக் கனகசபை முன்னமே பிடித்துவிட்டதால் மேளம் கிடையாது. அதுவும் நல்லதுக்குத்தான், அவர் சத்தம் என்றால் நாம் அமைதி என்று முடிவு செய்தேன். ரிக்‌ஷாவில் படம். பின்னால் வெள்ளை வேட்டியில் ஏழு பேர். ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வெயிலுக்கு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தத் தெருவின் அமைதியை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நாங்கள் திரும்பிய தெருவெல்லாம் பேச்சு நின்றது. மாட்டுவண்டிக்காரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தான். சலவைக்காரப் பெண் ஒருத்தி படத்தைப் பார்த்ததும் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். ஏழு பேரோடு கிளம்பிய ஊர்வலத்தில் கொஞ்ச நேரத்தில் முப்பது பேர் இருந்தார்கள். சேர்ந்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ரிக்‌ஷாச் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. படத்தின் கண்கள் ஆளாளாகப் பார்த்துக்கொண்டே போயின.

சாப்பாட்டுக் கடை பாய் எழுந்து வந்து பாதிக் கதவைச் சாத்தினார். "நல்ல மனுசன்," என்றார்.

"ஆமா பாய். நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க, பத்து மணிக்கு."

"வராம இருப்பேனா தம்பி. அவ்வளவு சீக்கிரமா முடிச்சிடுறீங்களா?"

"வெயிலுக்கு முன்னால முடிச்சாதானே பாய் எல்லாருக்கும் நல்லது."

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. ஊரே நம் பக்கம் என்று நான் குளிர்ந்துபோனேன்.

நாலரை மணிக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், படிக்கட்டு நெடுகச் செருப்புகள். ஆதரவாளர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று துள்ளிக்கொண்டு ஏறினேன். கூடத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா, தலைவிரிகோலமாக.

"என்கிட்ட ஏன்டா முதல்ல சொல்லல?" என்றாள்.

"என்னக்கா?"

பக்கத்து வீட்டு அம்மாள் என் காதருகே வந்தாள். "தோட்டத்துல காய்ச்சலாம். நேத்தே போயிட்டாராம். உடம்பை ஃபெர்ரியில கொண்டு வர்றாங்களாம்."

தோட்டத்தில் காய்ச்சல் பரவியிருந்தது உண்மை. வழக்கமாக வரும் இரண்டு மணி ஃபெர்ரியில் அத்தான் வராததும் உண்மை. அப்படியானால் நான் செத்தவரின் படத்தையா ஊர் சுற்றிக் காட்டினேன்? பாய் கண் கலங்கியது அதனால்தானா? நான் அவிழ்த்துவிட்ட புரளி ஊரைச் சுற்றி, காய்ச்சல் கீய்ச்சல் எல்லாம் சேர்த்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓவென்று அழுதேன். அதுவரை கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கும் என் அழுகையைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். அதை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து எழுந்து போனார்கள். சாவு வீட்டில் அப்படித்தானே போவார்கள். கனகசபையும் வந்தார். அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "நான் விலகிக்கிறேன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். அவரையே தலைவர்னு பதிஞ்சு வைப்போம். அதுக்கு யோக்கியதை உள்ள ஆளு அவருதான்," என்று ஒரு காகிதத்தைப் படத்தின் காலடியில் வைத்தார்.

அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு படியாக. அதற்கு முன்னாலேயே ரப்பர் பால் புகை வாசனை மேலே வந்துவிட்டது. அக்கா அழுகையை நிறுத்தினாள். வாசலில் அத்தான் நின்றார், வெள்ளைச் சட்டை, கையில் குடை. சுவரோரம் அத்தான், மாலையோடு. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கனகசபை சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டபடி அத்தான் துக்கத்துக்கு வந்தவர்களோடு பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

அக்காதான் எழுந்து போய் அவர் காலைத் தொட்டாள். பாதம் சூடாக இருந்ததாம். "ரெண்டு மணிக்கு ஏன் வரல?" என்றாள்.

"துரை விடல லா. ஆளுங்களுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்துச்சு."

அத்தான் நோட்டீஸைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. (நோட்டீஸில் போட்டபடியே நடந்துகொண்டார்.) காகிதத்தை எடுத்துக் கனகசபையிடம் திருப்பிக் கொடுத்தார். "செத்ததுக்குக் கிடைக்கிற பதவி எனக்கு வேணாம்ணே. நாளைக்கு நில்லுங்க."

மறுநாள் அத்தான் தோற்றார். இழவு கேட்டுவிட்டுத் தாங்கள் வீட்டுக்குப் போய்த் தலை முழுகிய ஆளுக்கே எப்படி ஓட்டுப் போடுவது என்று ஜனங்களுக்குக் குழப்பம். அவருக்கு விழுந்த கொஞ்ச ஓட்டில் ஒன்று கனகசபையுடையது என்று பின்னால் அவரே சொன்னார். அக்கா இன்னும் எட்டு வருஷம் சனிக்கிழமைதோறும் ஜெட்டியில் நின்றாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

போர் முடிந்து, அத்தான் தோட்ட வேலையை விட்டு டவுனுக்கே வந்து, நன்றாக வாழ்ந்து, போன வருஷம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். "எத்தனை மணி ஃபெர்ரியில வர்றாரு?" என்று பாயின் மகன் கேட்டான். வந்தவர்களிலும் சில கிழவர்கள் போகும்போது மறக்காமல் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் பழைய படத்தைத் துடைத்துச் சுவரில் மாட்டினேன். கண்கள் அப்படியே பார்த்தன, தோளில் நான்கு விரல்களும் அப்படியே இருந்தன. மேலே போடப் புது மாலையைக் கையில் எடுத்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"போன தடவையும் நீதான்டா அழுதே," என்றாள். "மாலை இப்ப போட வேணாம். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்."

படம் இன்னும் மாலையில்லாமல்தான் தொங்குகிறது.