சம்பந்தியம்மாவின் விரதம்

2025ஆம் ஆண்டு மார்கழி மாதம் 13ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் உள்ள தன் வீட்டுச் சமையலறையில், யோகமலர் முப்பத்தாறு குரபியேதெஸ் பிஸ்கற்றுகளின் மேல் ஐசிங் சீனி தூவி முடித்தார். கிரேக்கர் நத்தார்ப் பண்டிகைக்குச் செய்யும் பிஸ்கற் அது. ஒன்பது மணி பதினொரு நிமிடத்துக்கு மகள் நிலாணி தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா, ஒரு சின்னப் பிரச்சினை. அன்ட்ரூவின்ரை அம்மா இப்ப விரதமாம். கிறிஸ்மஸ் வரைக்கும்.”

“இதை எப்ப சொன்னவ?”

“இப்பதான் டெக்ஸ்ட் பண்ணினவ.”

அன்ட்ரூ, நிலாணி கைப்பிடிக்கவிருக்கும் கிரேக்கப் பையன். அவனுடைய தாய் கலியோப்பி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு முதன்முறையாகச் சம்பந்தி வீட்டுக்கு வரவிருந்தார். கல்யாணம் தேவாலயத்தில் மட்டுமே என்பது அவருடைய நிலை. கோயிலில், தாலி கட்டித்தான் என்பது யோகமலருடைய நிலை. இரண்டு மாதமாக எந்தப் பக்கமும் அசையவில்லை. கலியோப்பியின் ஊர்ப் பண்டத்தை, அவரே குறை காண முடியாதபடி செய்து முன்னால் வைத்தால் சம்மதம் கிடைக்கும் என்று யோகமலர் கணித்திருந்தார். மருந்துத் தொழிற்சாலையொன்றில் பத்தொன்பது வருடமாகத் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருப்பவரின் கணிப்பு அது.

“விரதமெண்டால் சைவம். இதிலை முட்டை மஞ்சட்கரு கிடக்கு. அவ்வளவுதானே பிள்ளை? முட்டையில்லாமல் செய்யிறன்.”

“ஆர் யூ ஷூர், அம்மா?”

“விரதம் உனக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ? கந்தசட்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடை இருக்கிறனான்.”

மஞ்சட்கருவின் இடத்தில் தயிர் சேர்ந்தது. பட்டர் கூடியது. பத்தே முக்காலுக்கு இரண்டாவது முப்பத்தாறும் அவணிலிருந்து இறங்கின. கணவர் ஸ்ரீஸ்கந்தராசா ஒன்றைக் கடித்துப் பார்த்தார். மீசை வெளுத்தது.

“இஞ்சேரும், உது முதல் போட்டதிலும் திறம்.”

“ஒண்டிலை தெரியிற திறத்துக்கு ஏன் ரெண்டாவதைத் தூக்கிறியள்? வையுங்கோ கீழை.”

தொலைபேசி மறுபடியும் அடித்தது.

“அம்மா, லிசின். நான் நெற்றிலை பாத்தனான். அவையின்ரை விரதத்திலை பட்டரும் கூடாது. பாலும் கூடாது. தயிரும் கூடாது.”

“பாலும் கூடாதோ? பால் என்ன பாவம் செய்தது?”

“ஐ டோன்ட் நோ. எண்ணெய் ஓகேயாம்.”

தன்னைவிடக் கடுமையாக விரதம் காக்கும் ஒருவரை யோகமலர் வாழ்நாளில் அன்றுதான் எதிர்கொண்டார். மனத்தில் மரியாதை பிறந்தது. அதைவிடப் பெரிதாக, தோற்கக் கூடாது என்ற உறுதியும் பிறந்தது.

ஒலிவ் எண்ணெய் தீர்ந்திருந்தது. அதிகாலையிலிருந்து கொட்டிய பனியில் கார் பாதியளவு புதைந்து நின்றது. அலுமாரியில் இருந்தது நல்லெண்ணெய்.

பன்னிரண்டு மணிக்கு வீடு முழுவதும் மணம் பரவியது. ஸ்ரீஸ்கந்தராசா தோளில் துவாயுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“என்னத்துக்குத் துவாய்?”

“இண்டைக்குச் சனிக்கிழமை. எண்ணெய் மணக்குது. எனக்கு முழுக வார்க்கப் போறீராக்கும் எண்டு வந்தனான்.”

“போய்ப் பனியை அள்ளுங்கோ!”

மூன்றாவது முறை சுட்டவை பிஸ்கற்றாக இருக்க மறுத்தன. தொட்டதும் மணலாக உதிர்ந்தன. உதிர்வதை ஒட்டவைக்கத் தேன் போதும் என்று யோகமலர் தீர்மானித்தார். தேன் போதவில்லை. சீனி சேர்த்துப் பாகு காய்ச்சினார். பனி அள்ளும் சவள் எங்கே என்று கணவர் வாசலில் நின்று மூன்று தடவை கேட்டதற்கு மூன்று தடவை விடை சொல்லி முடிப்பதற்குள் பாகு பதம் தாண்டியது. தாண்டிய பாகில் உதிரியைக் கொட்டி, சூட்டோடு சூடாக உருண்டை பிடித்தார்.

ஆறியதும் ஸ்ரீஸ்கந்தராசா ஓர் உருண்டையை மேசையில் தட்டினார். மேசையில் பள்ளம் விழுந்தது.

“இஞ்சேரும், உது கிரீஸிலையிருந்து வந்ததில்லை. உது எங்கடை பொரிவிளாங்காய் உருண்டை.”

“முட்டை இல்லை, பால் இல்லை, பட்டர் இல்லை. பாதாம் இருக்கு, தேன் இருக்கு. பிழை எங்கையெண்டு காட்டுங்கோ பாப்பம்.”

ஸ்ரீஸ்கந்தராசா பள்ளத்தின் மேல் ஒரு பூச்சாடியை நகர்த்தி வைத்தார்.

சரியாக மூன்று மணிக்கு நிலாணியும் அன்ட்ரூவும் கலியோப்பியை அழைத்து வந்தனர். கறுப்புக் கோட்டு, முத்துமாலை, நிமிர்ந்த தலை. மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. கலியோப்பியின் பார்வை வெள்ளைப் பிஸ்கற்றுத் தட்டுகள் இரண்டிலும் நெடுநேரம் தங்கியது.

“அவை அன்ட்ரூவுக்கு,” என்று யோகமலர் ஆங்கிலத்தில் விளக்கினார். “உங்கள் விரதத்தை நான் மதிக்கிறேன். இந்த உருண்டை உங்களுக்காகவே செய்தது.”

கலியோப்பி பெருமூச்சுடன் ஓர் உருண்டையை வாயில் வைத்தார். கடித்தார். அதன் பின் அவருடைய தாடை அசையவில்லை. மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் பாகு ஒன்றாக்கிவிட்டது.

யோகமலர் நாட்காட்டியை விரித்தார். “மே மாதம் 24ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கோயிலில். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.”

“ம்ம்ம்!” என்றார் கலியோப்பி.

“தாலி கட்டித்தான்.”

“ம்ம்ம்! ம்ம்ம்!”

“மறுப்பில்லை,” என்று யோகமலர் குறித்துக்கொண்டார். நிலாணி சோபாத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்.

நிலாணியிடம் ஆறு மாதமாகத் தமிழ் பயின்று வரும் அன்ட்ரூ, நான்காவது வெள்ளைப் பிஸ்கற்றை விழுங்கினான். தாய்க்கு விளங்காது என்ற தைரியத்தில், சொல் சொல்லாக அடுக்கினான்.

“அன்ரி, அம்மாவுக்கு விரதம் இல்லை. உங்கட சாப்பாடு உறைக்கும் எண்டு… பயம்.”

யோகமலர் வெள்ளைப் பிஸ்கற்றுத் தட்டொன்றை எடுத்துக் கலியோப்பியின் மடிக்கு நேரே வைத்தார். கலியோப்பி தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பொய் பிடிபட்டது புரிந்து சிவந்தார்.

முடிவானது இது: 23ஆம் திகதி சனிக்கிழமை தேவாலயத்தில் ஒரு கல்யாணம், 24ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு கல்யாணம், இரண்டு விருந்திலும் ஒரு மேசைக்கு மட்டும் உறைப்பில்லாத கறி. கலியோப்பியின் விரதம் அன்று பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு, பற்கள் பிரிந்த அக்கணமே, நிறைவுபெற்றதாகக் கொள்ளப்பட்டது.