ராஜராஜனுக்கும் முதலாளிக்கும் ஒரே ராசி

"அண்ணே, ராஜராஜனைப் பத்தி எழுதச் சொன்னா, நம்ம மொதலாளியப் பத்தி எழுதி வச்சிருக்கீகளே!"

மிஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் உக்கிரபாண்டி. அவன் கையில் மை காயாத காலண்டர் தாள் ஒன்று. பின்னால் அதே தாள் ஐயாயிரம், இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

அய்யாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை வாங்கிப் படித்தார். எழுதியவர் அவர்தான். புரூஃப் பார்த்தவரும் அவர்தான். ஆனாலும் இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிற மாதிரி இருந்தது.

'கும்ப ராசி, சதய நட்சத்திரம். மாமன்னர் ராஜராஜ சோழர். இவருக்குக் கோபம் முதலில் வரும், காரணம் பிறகு வரும். கண்ணில் படும் இடமெல்லாம் தன் பெயரைப் பொறிப்பார். அடுத்தவர் சொன்ன யோசனையை மறுநாள் தன் யோசனையாக அறிவிப்பார். ஊரே இவரைக் கண்டு நடுங்கும். மனைவி எதிரில் மட்டும் குரல் இறங்கும்.'

அய்யாதுரை பக்கத்திலிருந்த பேப்பர் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். அதற்கு இன்னும் இரண்டே நாள். பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு ராசி, ராசிக்கு ஒரு ராஜா, ராஜா படத்துக்குக் கீழே அவர் குணம் என்பது முதலாளி கனகசபாபதியின் யோசனை. அதை முந்தின நாள் அவரிடம் சொன்னவள் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் சினேகா என்பது வேறு விஷயம்.

மற்ற ராஜாக்களின் நட்சத்திரம் கிடைக்காததால் அய்யாதுரை அவர்கள் மீசையைப் பார்த்து ராசி ஒதுக்கிவிட்டார். ராஜராஜன் பிறந்தது சதயம் என்பது ஊருக்கே தெரியும்.

"நானும் சதயம்தாம்லே. அந்தத் தாளு மட்டும் கோயில் கோபுரம் மாதிரி நிக்கணும்" என்று முதலாளி அறைக் கதவு அதிரச் சொல்லியிருந்தார்.

சதய நட்சத்திரக்காரர் எப்படி இருப்பார் என்று பேனாவும் கையுமாக யோசித்தபோது, அய்யாதுரைக்குத் தெரிந்த ஒரே சதய நட்சத்திரக்காரர் வந்து மனசில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதுதான் நடந்தது.

"செழியன் கதி தெரியும்லடா?" என்றார் உக்கிரபாண்டியிடம்.

தெரியும். போன வருஷம் தேய்பிறை அஷ்டமியைக் காலண்டரில் ஒருநாள் தள்ளிப் போட்ட செழியனை முதலாளி அன்றைக்கே வெளியே அனுப்பினார். அதோடு விடாமல் மற்ற அச்சாபீசுகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். செழியன் இப்போது காரியாபட்டியில் கரும்புச்சாறு பிழிகிறான்.

"எனக்கு அம்பத்துமூணு வயசு. கரும்பு பிழியத் தெம்பு கிடையாதுடா."

"பயப்படாதீக. அந்த எடத்துல தங்கக் கலர்ல ஒரு பட்டை அடிச்சு மறைச்சுருவோம். மேல வேற எழுத்து அச்சடிச்சுக்கலாம்."

உக்கிரபாண்டி தங்க மை ஊற்றி மிஷினை ஓடவிட்டான். முதல் முந்நூறு தாள் வந்து விழுந்தது. அய்யாதுரை ஓடிப்போய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

பட்டை என்னவோ தகதகவென்றுதான் இருந்தது. அதன் அடியிலிருந்து கறுப்பு எழுத்து இன்னும் கொட்டையாக எழும்பி வந்திருந்தது. இதுவரை மூலையில் பொடியாகக் கிடந்த பத்தி, இப்போது கல்யாணப் பத்திரிகை மாதிரி பத்தடி தூரத்திலிருந்தே கூப்பிட்டது.

"நிப்பாட்டுடா! நிப்பாட்டு!"

"மை காஞ்சா அமுங்கிரும்ணே."

"காஞ்சா நான் அமுங்கிருவேன்டா!"

சத்தம் கேட்டு சினேகா வந்தாள். தாளைப் பார்த்தாள். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள்.

"சார், எழுத்தை ஏன் மறைக்கீக? ராசியை மாத்திருங்க. கும்பம்ங்கிற எடத்துல சிம்மம்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா, மொதலாளி இதைத் தன்னைப் பத்தின்னு நினைக்கவே மாட்டாக."

பயந்துபோன மனுஷனுக்கு எதுவும் நல்ல யோசனையாகத்தான் தெரியும். சினேகா ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தாள். மூன்று பேருமாக உட்கார்ந்து 'கும்ப ராசி, சதய நட்சத்திரம்' என்ற வரியின்மேல் 'சிம்ம ராசி' என்று ஒட்டினார்கள். நூற்றைம்பது தாள் ஒட்டியபிறகு உக்கிரபாண்டியின் கை நின்றது.

"அண்ணே, மொதலாளியம்மா என்ன ராசி?"

அய்யாதுரை யோசித்தார். போன தீபாவளிக்கு ஞானசுந்தரி அம்மாள் பெயரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கியது அவர்தான். மகம் நட்சத்திரம், சிம்ம ராசி.

"அய்யய்யோ!"

"அதுபோக, ராஜராஜனும் நானும் ஒரே நட்சத்திரம்னு மொதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரியுறாக. அதை நாம புடுங்கிட்டோம்ல?"

"பிய்யுங்க! எல்லாத்தையும் பிய்யுங்க!" என்று அய்யாதுரை ஸ்டிக்கரில் நகத்தை வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். கட்டிங் மிஷின்காரர் கட்டிங்கை நிறுத்தினார். பைண்டிங் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அய்யாதுரை மூச்சையே நிறுத்தினார்.

கனகசபாபதி நேராக அடுக்குக்குப் போனார். கை படாத பழைய தாளில் ஒன்றை உருவினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"இதை எழுதுனது யாரு?"

அய்யாதுரை விரலைத் தன் நெஞ்சுப்பக்கம் காட்டினார்.

முதலாளி அவரையே பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு அவர் மீசை மெல்ல விரிந்தது.

"ஏலே அய்யாதுரை, அப்படியே என்னையப் பாத்த மாதிரி இருக்குடா! ராஜான்னா இப்படித்தாம்லே இருக்கணும். கோவம் மொதல்ல, காரணம் பெறகு! அடடா! இந்தத் தாளை ஆல்பத்துல மொத தாளா வைங்க."

அய்யாதுரைக்கு உயிர் வந்தது. தலையில் கங்கையே கொட்டிய மாதிரி குளிர்ந்தது. அந்தக் குளிர் மூன்று நிமிஷம்கூட நிற்கவில்லை. முதலாளியின் கண் பக்கத்திலிருந்த தங்கப்பட்டை அடுக்கில் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் அடுக்கு.

"இது என்னதுடா? எழுத்து மேல எதையோ பூசியிருக்கு. சிம்மமா? ராஜராஜன் எப்படா சிம்மம் ஆனாரு?"

முதலாளி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என் சதயத்தை அழிச்சது எவன்டா?"

"மொதலாளி, நீங்க கோவிச்சுக்கிருவீகளோன்னு..." என்று அய்யாதுரை இழுத்தார்.

"நான் ஏன்டா கோவிக்கணும்?" என்று கத்தியபோது கூரைத் தகரம் கிடுகிடுத்தது. "ராஜராஜன் காலத்துல இப்படிப் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பாரு தெரியுமா? அதையே நானும் பண்ணுறேன். டிபன் பாக்ஸை எடுத்துட்டுக் கிளம்பு! எந்த ஆபீசுல சேர்றேன்னு நானும் பாக்குறேன்!"

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். போன் பட்டன் அமுக்குகிற சத்தம் கேட்டது.

அய்யாதுரை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். பதினோரு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். காரியாபட்டியில் இரண்டாவதாக ஒரு கரும்புச்சாறு வண்டிக்கு இடம் இருக்குமா என்று யோசித்தபடி கேட்டைத் தாண்டினார்.

அங்கே கார் வந்து நின்றது. முதலாளிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு ஞானசுந்தரி அம்மாள் இறங்கினாள்.

"என்ன அய்யாதுரையண்ணே, இந்த நேரத்துல கிளம்பிட்டீக? முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பத்தி, பட்டை, ஸ்டிக்கர், போன். கையோடு கொண்டுவந்த தாளையும் காட்டினார். கடைசியில் அழுகை வந்துவிட்டது.

"என் மேலதாம்மா தப்பு. ராஜராஜன் நட்சத்திரத்துல பொறந்தவுக. அந்தக் கோவம் ரத்தத்துலயே இருக்கும்ல. நான்தான் பாத்து நடந்திருக்கணும்."

ஞானசுந்தரி அம்மாள் தாளை மடித்துத் தூக்குக்குள் செருகினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பேசாமப் போயி உங்க நாற்காலில உக்காருங்கண்ணே, நான் சொல்லிக்கிறேன், அவுகளுக்கு ஜாதகமே கிடையாது, என் ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தமும் வரணும்னு எங்கப்பாதான் சோசியரை உக்கார வச்சுச் சதயம்னு எழுத வச்சாரு, அந்தக் காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் இவுக ஒரு பூனையைக்கூட அதட்டுனது கிடையாது."