வாய் திறக்காதவரும் புது சர்வரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போதே அவன் ஒரு மாபெரும் முடிவை எடுத்துவிட்டான். இன்றைக்கு மனைவி என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத புருஷன் அதைவிட நன்றாகப் பிழைப்பான் என்பது அவன் அனுபவம். ‘முடியாது’ என்றால் சண்டை. ‘சரி’ என்றால் வேலை. சும்மா இருந்தால், கேட்டவள் கேட்டு அலுத்து, விஷயம் தானாக ஆறிப்போகும். மௌனம் சம்மதம் என்று உலகம் சொல்கிறது. உலகத்துக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

இப்போது ஆற வேண்டிய விஷயம் ஒரு ஸ்கூட்டர். எதிர் மைதானத்தில் ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அந்த இடம் அவன் மனைவிக்கு வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, வண்டி கிடைக்காமல் தெருமுனையில் தவித்து நின்றதை அவள் மறக்கவில்லை. அவள் கற்கப் போனால் குழந்தையை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமோ அவனுக்குப் பிறப்புரிமை.

நல்லவேளையாக, ஒளிந்துகொள்ள ஒரு வேலை இருந்தது. கடைகளுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா வாங்கிய சர்வர் என்னும் புதுக் கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் அவரே வந்து பார்ப்பார். ஒரே நிபந்தனை. கரண்ட் போய் வந்தால், யாரும் தொடாமல் அது தானாக எழுந்து, படம் போட்ட திரையைக் காட்ட வேண்டும். கடைப் பெண்களுக்கு, எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரையைக் கண்டாலே பயமாம்.

சர்வர் எழுந்தது. எழுந்து, கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. அவன் ஒரு கட்டளை தட்டினான். படங்கள் வந்தன. அணைத்துப் போட்டான். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. திரும்பவும் தட்டினான். திரும்பவும் ஏறியது.

“அடச் சனியனே!”

மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். “யாரைத் திட்டறீங்க? என்னையா, இவளையா?”

“இந்த மிஷினை. சொன்னா கேக்குது. அணைச்சு எழுப்பினா எல்லாம் மறந்துடுது.”

“அட, உங்களை மாதிரியே இருக்கே! நேத்து சொன்னேன், குழந்தையைக் குளிப்பாட்டினீங்க. இன்னைக்குப் பொழுது விடிஞ்சதும் பழையபடி போனும் கையுமா உக்காந்துட்டீங்க.”

தொழிலைப் பற்றிப் பேச மட்டும் அவனுடைய மௌன விரதத்தில் விலக்கு உண்டு. “உனக்குப் புரியாதும்மா. புதுசா போட்ட சர்வர் எழுந்ததும் எழுத்துத் திரைக்குத்தான் போகும். அதுதான் அதோட டிபால்ட்.”

“அப்படின்னா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா அது என்ன செய்யுமோ, அது.”

அவள் யோசித்தாள். “அப்போ நீங்க அதுகிட்ட ‘இப்போ படத்தைக் காட்டு’ன்னு சொன்னீங்களா, ‘எப்பவும் காட்டு’ன்னு சொன்னீங்களா?”

அவன் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. காலையிலிருந்து அவன் சொன்னதெல்லாம் ‘இப்போ’தான். ‘எப்பவும்’ என்பதற்கு வேறு கட்டளை. அதைத் தட்டினான். அணைத்தான். எழுப்பினான். திரை நிறையப் படம்! இவளைப் போய் அடுப்படியில் வைத்திருக்கிறோமே என்று மனசுக்குள் ஒரு மலைப்பு. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் ஸ்கூட்டர் வந்து நிற்கும்.

“ஏங்க, அதை யார் முடிவு பண்றது?”

“எதை?”

“யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா என்ன நடக்கணும்னு.”

“முதல்ல உக்காந்து அமைச்சு வைக்கிறவங்கதான்.”

“பிடிக்கலைன்னா?”

“வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாத வரைக்கும் அமைச்சதுதான் நடக்கும்.”

“ஓஹோ.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். குரலும் மாறியது. “ஞாயித்துக்கிழமை நாலு மணி ஆனா குழந்தை உங்ககிட்ட. எப்பவும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

ஆகா, வந்துவிட்டது! விரதம் ஞாபகம் வந்தது. கல்லுளிமங்கனாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றாள். கடிகாரம் டிக் டிக் என்றது. குழந்தை கொட்டாவி விட்டது. அவன் இமைகூட அசையவில்லை.

“சரிங்க” என்று போய்விட்டாள்.

வெற்றி! அவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

நாலு மணிக்குக் குழந்தை அவன் மடியில் வந்து விழுந்தது. நிமிர்ந்தால், தலையில் ஹெல்மெட்டோடு மனைவி.

“ஏய்! நான் சரின்னு சொல்லவே இல்லையே!”

“வேண்டாம்னும் சொல்லலையே. அமைச்சு வச்சது நடக்குது.”

“இன்னைக்கு முடியாது. கடைக்காரம்மா வராங்க!”

“சரி, இன்னைக்கு மட்டும் விட்டுடறேன். அடுத்த ஞாயிறு நீங்க எழுந்தா மறுபடி மடியில குழந்தைதான். அதை மாத்தணும்னா முதல்லேருந்து உக்காந்து பேசணும். பேசலாமா? அத்தையையும் போன்ல கூப்பிடறேன். அவங்க மகன் குழந்தை பார்க்கிற அழகை அவங்களும் கேக்கட்டும்.”

அவனுக்குத் தன் அம்மாவை நன்றாகத் தெரியும். மருமகள் பக்கம்தான் தீர்ப்பு. தண்டனை கூடுதலாக இருக்கும்.

“போயிட்டு வா” என்றான்.

ஜன்னலில் மைதானம் தெரிந்தது. வாசலில் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் அவள். அங்கே ஸ்கூட்டரில் ஏறினாள். தடுமாறினாள். காலை ஊன்றினாள். மறுபடி ஏறி, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஓட்டிக்கொண்டு போனாள். “அங்க பாரு, அம்மா!” என்று குழந்தைக்குக் காட்டினான். தோற்றது அவனுக்கு மறந்தே போனது.

கடைக்காரம்மா வந்தார். “எங்கே, காட்டுங்க.”

அவன் வாயைத் திறப்பதற்குள், இடுப்பில் இருந்த குழந்தை எட்டிச் சுவர் சுவிட்சைத் தட்டியது. பட்! சர்வர் செத்தது. அவனும் பாதி செத்தான். குழந்தைக்கு விளையாட்டுப் பிடித்துப்போய், மறுபடி தட்டியது. சர்வர் உறுமியது. கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. பிறகு, யாரும் தொடாமல், திரை நிறையப் படம்.

கடைக்காரம்மா முகம் மலர்ந்தது. “இதுதான் வேணும் எனக்கு! அடுத்த ஞாயிறு கடைக்கு வந்து மாட்டிடறீங்களா?”

“காலையில வரேங்க” என்றான் அவன், குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி. “நாலு மணின்னா குழந்தை என்கிட்ட.”

கடைக்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். “அடேங்கப்பா! யாரும் சொல்லாமலே தானா வருதே. நல்லா அமைச்சிருக்கு.”

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. சர்வரைத் தட்டிக்கொடுத்தான். “எல்லாம் நம்ம கைவேலைங்க!”

“நான் மிஷினைச் சொல்லலை, தம்பி” என்றார் கடைக்காரம்மா.