இறக்கக்கண்டி லைனும் என் கல்யாணமும்

திருகோணமலை
புதன்கிழமை மத்தியானம்

பெருமதிப்பிற்குரிய பாக்கியரத்தினம் அத்தானுக்கு,

மைத்துனன் இராகுலன் பணிவோடு எழுதிக்கொள்வது. வயிற்றெரிவைத் தவிர மற்றபடி இங்கு நான் நலம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கு நலமாயிருக்கப் பத்திரகாளி அம்பாளை வேண்டுகிறேன். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டு அயலட்டம் முழுக்கக் கேட்கவைப்பா என்பதால் இதை எழுதி மட்டக்களப்பு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். விஷயம் இதுதான்: வெள்ளிக்கிழமை கௌசிகா வீட்டுக்குப் பெண் கேட்கப் போகவேண்டாம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மீன் கம்பனிக் கந்தோருக்கும் இறக்கக்கண்டிக் குளிர் அறைக்கும் இடையில் ஓர் இணைய லைன் உண்டு. போன் பேச்சும் அதில்தான் போகும். பேச்சு வெட்டி வெட்டி விழுந்து, அங்கே கணக்குப் பார்க்கும் கௌசிகா சொல்லும் மீன் நிறை இங்கே பாதிதான் வந்து சேர, முதலாளி முஹம்மது தம்பி என்னைக் கூப்பிட்டார். "எவ்வளவு தொலையுது, எவ்வளவு சுணங்குது எண்டு அளந்து காட்டுங்க. இல்லாட்டி லைனையும் மாத்துவன், ஆளையும் மாத்துவன்." கம்பனியின் நெட்வேர்க் அதிகாரி என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவன் நான்தானே, அளக்கத் தொடங்கினேன். லைனின் இந்த முனையில் உள்ள பெட்டி சின்னச் சின்னத் தரவுப் பொதிகளை அனுப்பும், அங்குள்ள பெட்டி திருப்பி அனுப்பும். வராதது தொலைந்தது, பிந்தி வந்தது சுணங்கியது. முதல் நாளே நூற்றுக்கு நூறும் தொலைந்ததாகக் காட்டியது. பதறிப்போய் லைன்காரரைக் கூப்பிட்டு, நிலாவெளி றோட்டில் கம்பம் கம்பமாக ஏற்றி இறக்கிய பிறகு, என் விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்ட கௌசிகா ஒரு கேள்வி கேட்டாள். "இஞ்ச இருக்கிற பெட்டியப் பதில் சொல்லச் சொல்லி ஆரும் சொல்லேல்லையே?" ஓம் அத்தான், சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அமைக்கவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. லைன்காரர் இப்போது என்னைத் தெருவில் கண்டால் கம்பத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

பிறகு அவளோடு கதைத்துக் கதைத்து அந்தப் பக்கத்தையும் அமைத்தேன். பத்து நிமிட வேலையை மூன்று கிழமைக்கு இழுத்தேன் என்று உங்களிடம் மறைப்பானேன். அளவு சுத்தமாக வரவேண்டும் என்று என் பொதிகளுக்கு மட்டும் லைனில் முதலிடம் கொடுத்தேன். உடனே தொலைந்தது பூச்சியம், சுணக்கம் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. முதலாளி வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். அதைச் சாப்பிட்ட துணிச்சலில் திங்கட்கிழமை கந்தோர் போனில் கேட்டுவிட்டேன்: "கௌசிகா, அத்தான் வெள்ளிக்கிழமை உங்கட வீட்ட வாறார். உங்களுக்கு விருப்பமோ?" சத்தமே இல்லை. லைன் பிழையாக இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். பூச்சியம். சுணக்கமும் இல்லை. பழி போட லைனில் ஒரு குறைகூட இல்லை அத்தான், எல்லாவற்றையும் நானே திருத்தித் தொலைத்திருந்தேன். அப்படியானால் அந்த மௌனம் அவளுடையதுதான். போனை வைத்துவிட்டேன். நேற்று முழுக்க அவள் என் கைத்தொலைபேசிக்கு எடுத்தும் நான் தூக்கவில்லை. நாசூக்காக மாட்டேன் என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே போகவேண்டாம். கௌசிகாவுக்கென்று வாங்கிய சேலையை அக்காவே கட்டட்டும். குளிர் அறையே இல்லாத ஊராகப் பார்த்து நான் வேறு வேலை தேடிக்கொள்கிறேன். அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் முழங்காலுக்கு விரைவில் சுகம்.

இப்படிக்கு,
எதையும் அளக்கத் தெரிந்த
இராகுலன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் முதலாளி வந்து சத்தம் போட்டார். "லைன் தங்கம் எண்டீங்க, மீன் நிறை இண்டைக்கும் பாதிதான் வருகுது!" போய்ப் பார்த்தேன். நான் முதலிடம் கொடுத்தது அளக்கும் வெறும் பொதிகளுக்கு மட்டும்தான். அவை அமைச்சர் வாகனம் மாதிரிப் பறந்திருக்கின்றன. பேச்சோ குளிர் அறைக் கமராப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று நின்று தொலைந்திருக்கிறது. உடனே கைத்தொலைபேசியில் அவளுக்கு எடுத்தேன். "மூண்டு தரம் ஓம் எண்டனான். நீங்கள்தான் வைச்சிட்டுப் போட்டீங்கள்!" என்று அழுதுகொண்டே ஏசினாள். பிறகு மெல்ல, "இப்ப கேக்குதோ? ஓம்" என்றாள். தெளிவாகக் கேட்டது. எனக்குத்தான் வாய் வரவில்லை. "லைன் அறுந்து போட்டுதோ?" என்று கேட்டாள். லைன் நன்றாகத்தான் இருந்தது அத்தான், சுணங்கியது நான். வெள்ளிக்கிழமை நேரத்தோடு போங்கள்.